முன் இருக்கையில் இருந்தவர்

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதைப் பற்றிப் பேச்சு வரும்போது, "சாவு பயத்தில் சாமியைத் தேடினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இந்தப் பேச்சு நிற்காது. நுரையீரல் உறையில் புற்றுநோய் என்று அவருக்குத் தெரியவந்தது 1979 டிசம்பர் 22. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வென்ச்சுரா ஊர்ச் சபையின் மாடி இருக்கையில் அவர் ஞாயிறுதோறும் உட்கார ஆரம்பித்துவிட்டார். அங்கே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் விமானம் ஓட்டப் பழகிய இடமும், பழக்கிவிட்ட மனிதரும்தான். பழைய விமானங்களோடு புழங்குகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மற்றவர்களுக்கு விளங்க வேண்டுமானால் அவர் ஓட்டிய விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில், சாண்டா கிளாரா ஆற்றங்கரையில், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது சாண்டா பவுலா விமானத்தளம். 1930இல் அந்தப் பகுதிப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து உருவாக்கியது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஓடுபாதை 2,700 அடி சொச்சம்தான். எழுபதுகளில் ஹாலிவுட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவரான மெக்வீன், 49 வயதில் இங்கே வந்து, பின்னால் மனைவியான பார்பரா மின்டியோடு ஒரு ஹேங்கருக்குள்ளேயே, அதாவது விமானக் கொட்டகைக்குள்ளேயே, கொஞ்ச காலம் குடியிருந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே விட்டுப்போன தகப்பன், ஊர் ஊராகப் போய் விமான சாகசம் காட்டியவர். மகன் வாங்கியதும் அந்தக் காலத்து ரகம்தான்: மஞ்சள் நிற ஸ்டியர்மேன், திறந்த இருக்கைகள், இரட்டை இறக்கை. அதற்குப் பதிவெண் 3188. சீனோவில் இருக்கும் பாய்ஸ் ரிபப்ளிக் சீர்திருத்தப் பள்ளியில் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கொடுத்திருந்த எண் அது.

ஸ்டியர்மேன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானிகளுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்த விமானம். 8,000க்கு மேல் செய்தார்கள். பெரும்பாலானவற்றில் ஏழு சிலிண்டர், 220 குதிரைத்திறன் ரேடியல் எஞ்சின். சிலிண்டர்கள் வட்டமாக நிற்பதால் கீழே இருக்கும் 4, 5ஆம் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். விமானம் சும்மா நிற்கும்போது எண்ணெய் கசிந்து அவற்றில் தேங்கிவிடும். திரவம் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தள்ளப்படும் பிஸ்டனுக்குப் போக இடமில்லாமல், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், அல்லது சிலிண்டர் விரியும். வளைந்த ராடு அன்றே உடைந்தால் நல்லது. பெரும்பாலும் உடையாது. பல மணி நேரம் ஓடி, ஒருநாள் ஆகாயத்தில் உடையும். இந்தக் கோளாறில் ஆளைக் கொல்வது அதுதான்.

அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். ஏழு சிலிண்டரும் ஒரு தடவை அமுங்கி வர இரண்டு முழுச் சுற்று வேண்டும். இரண்டு இலை உள்ள புரொப்பெல்லரில், கடந்து போகும் ஒவ்வொரு இலையையும் எண்ணினால், அது நான்கு இலை. அதற்கு மேலும் சில இலை சுற்றுவது நல்லது. எங்காவது கல்லில் முட்டியது போல நின்றால் பலத்தைக் காட்டக் கூடாது. பின்பக்கமாகச் சுற்றி விடுவிக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் எண்ணெய் உறிஞ்சு குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, எஞ்சின் பற்றியதும் திரும்ப உள்ளே வரும். அடிச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடியவிட்டு, மறுபடி சுற்றிப் பார்ப்பது ஒன்றே வழி. நடிகர் என்பதற்காக எந்த எஞ்சினும் இதில் ஒரு இலையைக் கூடக் குறைத்துக்கொள்ளாது.

தரையில் ஓட்டுவது அடுத்த சோதனை. வால்சக்கர விமானத்தில் மூக்கு மேலே தூக்கி நிற்பதால் நேர் எதிரே ஒன்றும் தெரியாது. பாம்பு போல வளைந்து வளைந்துதான் போக வேண்டும். முன்சக்கரங்களுக்குப் பின்னால் எடை இருப்பதால், இறங்கி ஓடும்போது வால் கொஞ்சம் விலகினாலும் அந்த எடையே அதை மேலும் தள்ளும். வாலைத் திருப்பும் ரட்டர் பெடலைச் சின்னதாக, உடனே அழுத்தினால் நேராகும். தாமதித்துப் பலமாக மிதித்தால் வால் எதிர்ப்பக்கம் வீசும்; அடுத்த நொடியில் விமானம் ஒரு சுற்றுச் சுற்றி, கீழ் இறக்கையின் நுனி தரையில் உரசும். கிரவுண்ட் லூப் என்பது இது. விமானம் முழுதாக நின்ற பிறகுதான் காலை எடுக்கலாம். பந்தயக் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் பெயர் வாங்கியவர்களுக்கு இங்கே சிரமம் கூடவே இருக்கும். அங்கே கை பழகியிருக்கும். இங்கே காலுக்குத்தான் வேலை.

மெக்வீன் தேடிப்போன ஆசிரியர் சாமி மேசன். லாக்ஹீட் நிறுவனத்தின் சோதனை விமானியாக இருந்தவர், விண் சாகசத்தில் பெயர்பெற்றவர். முதலில் அவர் சம்மதிக்கவில்லை. பிறகு ஒத்துக்கொண்டார்.

இந்த விமானத்தில் மாணவன் உட்காருவது பின் இருக்கையில், ஆசிரியர் முன்னால். மேல் இறக்கையின் அடியில் ஒரு சிறு கண்ணாடி பொருத்துவது வழக்கம்; அதில் மாணவனின் முகத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். மாணவனுக்குத் தெரிவது ஆசிரியரின் தலையின் பின்புறமும் தோள்களும் மட்டும். மணிக்கணக்கில் அதையே பார்க்க வேண்டும். வால் வீசும்போது அந்தத் தோள் இறுகுகிறதா, கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொள்ளும் அவசரம் தெரிகிறதா, இல்லை தப்பை மாணவனே திருத்த ஒரு நொடி பொறுக்கிறதா? காற்றிரைச்சலில் நீண்ட பேச்சு நடக்காது. ஒரு மனிதர் உள்ளே எப்படிப்பட்டவர் என்பது இப்படித் தெரிந்துவிடும் வேலைகள் உலகத்தில் கொஞ்சம்தான்.

மேசனிடம் இருந்த அமைதியைக் கவனித்து, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டது மெக்வீன்தான். தாம் கிறிஸ்தவர் என்று மேசன் பதில் சொன்னார். இந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன்: முதலில் வேலை, பிறகு மாணவனின் கேள்வி, அதற்கு அப்புறம்தான் பதில். கேள்வி வருமுன்னே பதிலைத் திணிக்கிற ஆர்வக்கோளாறு இதில் இல்லை.

அதன் பிறகு மேசன் குடும்பம் போகும் வென்ச்சுரா மிஷனரி சபைக்கு அவரும் போனார். போதகர் லியனார்ட் டிவிட் அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை, சாட்சி சொல்லச் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து மெக்வீனே அவரைச் சந்தித்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கேள்விகளாகக் கேட்டார். கடைசியில், தம்மிடமும் ஒரு கேள்வி இருக்கிறது என்றார் போதகர். அது என்ன என்று மெக்வீனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனையில் ஜெபிக்க அழைத்தபோது, இருந்த இடத்திலேயே தாமும் ஜெபித்துவிட்டதாகச் சொன்னார். பிரபலம் ஒருவர் சபைக்கு வந்தால் மறுவாரமே சுவரொட்டி அடிக்கும் அவசரம் எந்த ஊரிலும் உண்டு. அப்படி நடந்திருந்தால் அவர் மறுபடி வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நோய் பிறகுதான் தெரியவந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற அந்தப் புற்றுநோய் உள்ளே கிடந்து வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். 1947 முதல் 1950 வரை கடற்படைக் காலாட்படையில் இருந்தபோது கப்பலில் குழாய் உறைகளைச் சுரண்டிய வேலையை அவரே காரணமாகச் சொல்லியிருக்கிறார். 1980 ஜனவரி 16இல் பார்பராவை மணந்தார். ஜூலை இறுதியில் மெக்சிகோவின் ரோசரிட்டோவுக்குப் போய், அமெரிக்க மருத்துவர்கள் ஏற்காத சிகிச்சைகளை எடுத்துக்கொண்டார். விசுவாசம் உள்ளவர் ஏன் அப்படி அலைந்தார் என்று கேட்பது சரியில்லை. பிழைக்க ஆசைப்படுவது விசுவாசக் குறைவு ஆகாது.

நவம்பர் 3 அன்று பிரபல அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாம் சாண்டா பவுலா வீட்டுக்கு வந்து, படுக்கையருகே உட்கார்ந்து ஜெபித்தார். அறுவைக்காக மெக்சிகோவுக்குக் கிளம்பிய மெக்வீனோடு விமானம் ஏறும் இடம்வரை கூடப் போய், தம்முடைய சொந்த வேதாகமத்தையே கொடுத்தார். அதில் அவர் எழுதிக்கொடுத்தது பிலிப்பியர் 1:6. தொடங்கினவர் முடிய நடத்துவார் என்பது அந்த வசனம். மெக்சிகோவின் ஹுவாரஸ் நகரில் கட்டிகளை அகற்றும் அறுவை நடந்தது. நவம்பர் 7 அதிகாலை இதயம் நின்று இறந்தார். வயது 50. அந்த வேதாகமம் அவரோடு இருந்தது.

பண்ணை வீட்டில் நடந்த நினைவு ஆராதனையைப் போதகர் டிவிட் நடத்தினார். சாண்டா பவுலா விமானங்கள் சிலுவை வடிவில் தலைக்கு மேலே பறந்து போயின. அவற்றில் ரேடியல் எஞ்சின் உள்ள ஒவ்வொன்றுக்கும் அன்று காலை யாரோ ஒருவர் கட்டை வைத்து, சுவிட்சைப் பார்த்து, இலை இலையாகக் கையால் சுற்றிவிட்டிருக்க வேண்டும்.