வெல்டிங் எக்ஸ்ரே வேலை, ஏறாத பிளேட்லெட், மேரோ டெஸ்ட்: என் அனுபவம்

பிளேட்லெட் தொண்ணூறாயிரம்னு ரிப்போர்ட் வந்தா எங்க வாலாஜா பக்கம் கண்ணை மூடிக்கினு டெங்குன்னு சொல்லிடுவாங்க. எனக்கு ஜுரமே இல்ல, சும்மா செக்கப்புக்கு போன எடத்துல தெரிஞ்சது, ஆனாலும் வீட்ல பப்பாளி இலைச் சாறு ஆரம்பிச்சாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தாலும் அதே தொண்ணூறு. டெங்குன்னா இந்நேரம் தானா ஏறியிருக்கணும். அப்பதான் எங்க தெரு டாக்டர் ரிப்போர்ட்ல இன்னொரு வரியைக் காட்டினாரு, எம்.சி.வி 106, அதாவது சிவப்பணு சைஸ் பெருசா இருக்கு, ஹீமோகுளோபினும் 11 தான். "முன்னாடி இன்னா வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டாரு.

2000லேர்ந்து 2009 வரைக்கும் நான் வெல்டிங் ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துக்கினு இருந்தவன். ராணிப்பேட்டை சுத்துவட்டாரத்துல பாய்லர், டேங்க், பைப் வேலை எப்பவும் இருக்கும், கூடவே இந்த வேலையும். பேருதான் எக்ஸ்ரே, பாதி நாள் இரிடியம்-192ன்ற கதிரியக்கப் பொருள் போட்ட காமா கேமரா. நைட் ஷிஃப்ட்ல கயிறு கட்டி எல்லாரையும் தள்ளி நிக்க வச்சிட்டு, கிராங்க் சுத்தி சோர்ஸை (அந்த இரிடியம் துண்டை) வெளிய தள்ளி, டைம் முடிஞ்சதும் உள்ள இழுத்து, சர்வே மீட்டரை வச்சு உள்ள போயிடுச்சான்னு பார்த்துட்டு அடுத்த ஷாட். நெஞ்சுல டி.எல்.டி பேட்ஜ், நம்ம மேல எவ்ளோ ரேடியேஷன் பட்டுச்சுன்னு அளக்கறது, மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துவாங்க. பேட்ஜுல எவ்ளோ வந்துச்சுன்னு நாங்க யாரும் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. அப்புறம் அந்த லைனே வேணாம்னு விட்டுட்டு ஆற்காட்டுல ஹார்டுவேர் கடை போட்டுட்டேன்.

தெரு டாக்டர் லெட்டர் குடுத்து சி.எம்.சி ஹெமட்டாலஜிக்கு (ரத்த நோய் பிரிவு) அனுப்பினாரு. ராணிப்பேட்டை கேம்பஸ், எங்களுக்கு பக்கம்தான். ஆனா காத்திருக்கற எடத்துல பாதிப் பேருக்கு மேல பெங்காலியும் இந்தியும்தான் பேசறாங்க, எங்கேர்ந்தோ ரெண்டு நாள் ரயில்ல வந்து ரூம் எடுத்து தங்கி இருக்காங்க, நான் டூ வீலர்ல வந்துட்டு லேட்டாவுதுன்னு புலம்பறதுக்கு எனக்கே கூச்சமா இருந்துச்சு.

டாக்டரம்மா எடுத்த எடுப்புல ரேடியேஷனைப் பத்தி பேசவே இல்ல. குடிப்பீங்களா, மூட்டு வலிக்கு நாட்டு மருந்து எதாவது, தோல் ஷாப்புல ஷூ ஒட்டற பசை வேலை பார்த்தீங்களா (பென்சீன் கலந்த பசையும் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்குமாம், நம்ம மாவட்டத்துல கேக்க வேண்டிய கேள்விதான்), அப்புறம் பி12, ஃபோலேட், தைராய்டு, வயித்து ஸ்கேன்ல ஈரல் மண்ணீரல். பி12 கம்மியானாலே ரத்த அணு எல்லாம் எம்.டி.எஸ் (மஜ்ஜை சரியா ரத்த அணு உண்டாக்காத ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) மாதிரியே காட்டுமாம், அதனால அதை முடிச்சிட்டுதான் மத்ததுன்னாங்க. எனக்கு அதெல்லாம் நார்மல். அதுக்கப்புறம்தான் ரெண்டு கேட்டாங்க, ஒண்ணு பழைய ரத்த ரிப்போர்ட், இன்னொன்னு மொத்த டோஸ், அதாவது வேலைல என் மேல பட்ட ரேடியேஷன், எவ்ளோ.

ரத்த ரிப்போர்ட் கிடைச்சிடுச்சு, வேலைல இருந்தப்ப வருஷா வருஷம் எடுத்த மெடிக்கல்ல ஒண்ணு பி.எஃப் ஃபைலுக்குள்ள சொருகி இருந்துச்சு, அதுல பிளேட்லெட் 2.4 லட்சம். டோஸ் ரெக்கார்டுதான் பெரிய ரோதனை. பழைய கம்பெனிக்கு போன் பண்ணா "பழசு எதுவும் இல்ல சார்" அப்டின்னு ஒரே வார்த்தை, வச்சிட்டாங்க. எங்கூட வேலை பார்த்தவன் இப்ப வேற எடத்துல ஆர்.எஸ்.ஓவா (ரேடியேஷன் பாதுகாப்பு அதிகாரி) இருக்கான், அவன்தான் வழி சொன்னான். நம்ம டோஸ் கம்பெனியோட போயிடாதாம், பம்பாய்ல பி.ஏ.ஆர்.சில (பாபா அணு ஆராய்ச்சி மையம்) நாடு முழுக்க இருக்கற ஆளுங்க டோஸை ஒரே பதிவேட்ல வச்சிருக்காங்களாம், நம்ம டி.எல்.டி நம்பர் தெரிஞ்சா போதும்னான். 2004ல வந்த விதிப்படி புது முதலாளி பழைய முதலாளி கிட்ட ரெக்கார்டை கேட்டு வாங்கணும். சரி, என்னை மாதிரி அந்த லைனையே விட்டுட்டு ஆணி விக்கறவனுக்கு புது முதலாளி யாரு? நிறைய பேர் இந்த சந்துலதான் காணாம போறாங்கன்னு எனக்குத் தோணுது. நம்பர் என் பழைய ஐடி கார்டு பின்னாடி பேனால எழுதி இருந்துச்சு. லெட்டர், பிறந்த தேதி, வேலை பார்த்த வருஷம் எல்லாம் குடுத்து, அவன் நச்சரிச்சு, ஒரு வழியா வந்துச்சு. மொத்தம் 41 மில்லிசீவர்ட் (ரேடியேஷன் டோஸை அளக்கற அலகு).

அதுக்குள்ள மேரோ டெஸ்ட், அதாவது எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கறது, முடிஞ்சிடுச்சு. ஒருக்களிச்சு முழங்காலை மடக்கி படுக்க வச்சு, இடுப்புக்குப் பின்னாடி எலும்புல மரத்துப் போற ஊசி. குத்தறது தெரியல, அமுக்கறதுதான் தெரியும். "இப்ப இழுப்போம் சார், கொஞ்சம் வலிக்கும்"னாங்க. அந்த ஒரு இழுப்பு, தொடை வழியா முழங்கால் வரைக்கும் சுர்ர்ருனு போச்சு, பல்லைக் கடிச்சேன், முடிஞ்சிடுச்சு. பக்கத்துல ஒரு தம்பி கண்ணாடி ஸ்லைடுல சொட்டு விட்டு சாய்ச்சுப் பார்த்துட்டு "மஜ்ஜைத் துகள் வந்திருக்கு"ன்னான், அது வரலன்னா மறுபடி இழுப்பாங்களாம். அப்புறம் கொஞ்ச நேரம் மல்லாக்கப் படுக்க வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஊர்ல சொல்ற அளவுக்கு பயம் இல்ல. குரோமோசோம் ரிப்போர்ட்டுக்குத்தான் வாரக்கணக்குல காத்திருக்கணும், செல்லை வளர்த்துப் பார்க்கணுமாம், முக்கியமா 5, 7ன்ற குரோமோசோம்ல குறை இருக்கான்னு.

ரிசல்ட் அன்னிக்கு டாக்டரம்மா நிதானமா சொன்னாங்க. எம்.டி.எஸ்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, குரோமோசோம் நார்மல், ஆனா கவுன்ட் ஏன் கம்மின்னு இப்ப காரணம் தெரியல, கண்காணிப்புல வைப்போம். ரேடியேஷனாலயான்னு கேட்டேன். எந்த டெஸ்ட்டும் அப்டி பேர் எழுதிக் காட்டாதாம். ஹிரோஷிமா, நாகசாகில குண்டு போட்டு ரெண்டு வருஷத்துலயே லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) ஏற ஆரம்பிச்சு ஆறேழு வருஷத்துல உச்சத்துக்குப் போயி அப்புறம் இறங்கிடுச்சு, ஆனா எம்.டி.எஸ் நாப்பது வருஷம் தாண்டியும் நாகசாகி ஆளுங்களுக்கு அதிகமா வந்திருக்கு, அதனால வேலைய விட்டு இவ்ளோ வருஷமாச்சேன்னு விட முடியாதுன்னாங்க. இன்னொரு பக்கம், பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவுல 3 லட்சம் அணுத்துறை ஆளுங்களை வச்சு 2015ல வந்த கணக்குல 100 மில்லிகிரேக்கு (காமாவுக்கு அது ஏறக்குறைய மில்லிசீவர்ட் மாதிரியேதான்) லுகேமியா சுமார் 30 சதவீதம் கூடுது, உங்களுக்கு 41, அதுவும் வருஷத்துக்கு லட்சத்துல சில பேருக்கு வர்ற நோய் மேலதான் அந்த சதவீதம்னாங்க. கூட வந்த என் சம்சாரம் "அப்ப இன்னாங்க, பயப்படணுமா வேணாமா?"ன்னு நேராவே கேட்டுட்டா. டாக்டரம்மா சிரிச்சிட்டு, பயப்பட வேணாம், டெஸ்ட்டை மட்டும் விட்றாதீங்கன்னாங்க.

இப்போதைக்கு மூணு மாசத்துக்கு ஒரு சி.பி.சி (ரத்த அணு எண்ணற டெஸ்ட்), ஒரு வருஷம் அப்டியே நின்னா ஆறு மாசத்துக்கு ஒண்ணு. ஈறுல ரத்தம், காரணமில்லாம கன்னிப் போறது, விடாத ஜுரம், இதுல எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காம வரச் சொல்லி இருக்காங்க. ரத்தத்தை வாலாஜாலயே குடுத்துட்டு ரிப்போர்ட்டோட வந்தா போதுமாம், ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே லேப்ல எடுக்கணும், மெஷின் மாறினா நம்பர் முன்ன பின்ன வந்து நம்மள வீணா அலைய விடும்.