நீர்க்காகம் எழும்ப இடம் கொடாத குளம்

வடுவூர் ஏரிக்குப் பக்கத்தில் அரை ஏக்கரில் மீன்குளம் வெட்டியவன் பறவைகளைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதில் நியாயம் குறைவுதான். 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் ராம்சர் எனப்படும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்த அந்த ஏரிக்கு அவை முன்பே வந்துகொண்டிருந்தவை. பிறகு வந்தது என் குளம். ஆனாலும், முதல் ஆண்டு விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளில் பாதிகூட வலையில் ஏறாதபோது எனக்கு அந்த நியாயம் நினைவுக்கு வரவில்லை.

பட்டாசு வெடித்தேன், பழைய ஒலிநாடாவைக் கரை நெடுகக் கட்டினேன், வைக்கோல் பொம்மைக்கு என் சட்டையை மாட்டி நிறுத்தினேன். ஒரே வாரத்தில் அந்தப் பொம்மையின் தோளிலேயே அமர்ந்து ஒரு நீர்க்காகம் சிறகுலர்த்திக்கொண்டிருந்தது.

அதன்பின் சில நாட்கள் விடியலில் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். மடையான் ஓரத்து ஆழமற்ற நீரில் அசையாமல் நின்று கொத்துகிறது. நீர்க்காகங்களோ கூட்டமாக இறங்கி, மீன்களை ஒரு மூலைக்கு ஒதுக்கி, முக்குளித்துப் பிடிக்கின்றன. ஆனால் மேலெழும்ப அவை தண்ணீரின்மேல் சற்றுத் தூரம் தத்தி ஓடியாக வேண்டும். எனவே ஓரத்திலேயே மூன்றடி நீர் நிற்கும்படி கரையைச் செங்குத்தாக வெட்டி (அடைமழையில் ஒரு பக்கம் சரிந்தது வேறு கதை), நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, இரண்டு முழ இடைவெளியில், கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கயிற்றை விறைப்பாகக் கட்டினேன். கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலையைத் தொளதொளவென்று விரித்தால் பறவைகள் சிக்கிச் சாகும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, காலையில் அதைப் பார்க்க எனக்கு மனமில்லை. வாய்க்கால் வழியே இரவில் வந்து, செதிலும் முள்ளும் கலந்த எச்சத்தைக் கரையில் விட்டுப்போகும் நீர்நாய்க்கு மட்டும், அடியில் ஓரடி மண்ணுக்குள் புதைத்த கம்பிவலை வேலி தேவைப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, குஞ்சின் அளவை மாற்றியதுதான். நீர்க்காகம் மீனைக் கிழித்துத் தின்பதில்லை, முழுதாக விழுங்குகிறது. ஆகவே, முழுவதும் வலை மூடிய சிறு குளத்தில் நூறு கிராம் வரை வளர்த்த பிறகே பெரிய குளத்தில் விடுகிறேன். உடல் அகன்ற கட்லா அதற்குள் சின்ன நீர்க்காகத்தின் தொண்டைக்கு அடங்காததாகிவிடுகிறது. பறவைகள்மேல் நான் போட்ட பழியில் ஒரு பங்கு, வடிக்காத சேற்றில் தங்கியிருந்து குஞ்சுகளைத் தின்ற விரால் மீனுக்கு உரியது என்பதும் பின்னரே தெரிந்தது. இப்போது குஞ்சு விடுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, அந்த விராலைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு போட்டுவிடுகிறேன்.

மடையான்கள் இன்றும் இரண்டு மூன்று வருகின்றன. அவை பொறுக்குவது பெரும்பாலும் தவளையும் பூச்சியும்தான் என்பதால், அவற்றை விரட்டுவதில்லை.