யானை கடக்கும் சாலையோரம் ஃபைபர் கேபிள் புதைத்த அனுபவம்

வட மலேசியாவில், கிரிக் டவுனைத் தாண்டி ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வடக்கே ராயல் பெலும் மாநிலப் பூங்கா, தெற்கே தெமெங்கோர் காடு, நடுவில் ஏரி. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் அச்சுறுத்தலுக்கு நடுவே கட்டி 1982-இல் திறந்த சாலை. சுற்றிப் பார்க்க வருபவர்கள் மேகம் படுத்திருக்கும் மலையைப் படம் எடுப்பார்கள். இணையத்தை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபரைப் புதைக்கும் எங்கள் வேலை முழுக்க அதே சாலையின் விளிம்பில் நடந்தது. எங்கே செம்மண், எங்கே பாறை, எங்கே சரிவு இளகி நிற்கிறது என்பதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

நான் கிரிக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் சீவியவர். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஒரு கைப்பேசியை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். கைப்பேசிக் கோபுரம் நட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோபுரத்துக்கே பின்னால் ஃபைபர் வந்து சேர்ந்தால்தான் வேகம் வரும். அதனால் இந்த வேலைக்கு ஆள் கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டேன்.

மண்ணைத் தொடுவதற்கு முன்னால் நீண்ட காகித வேலை இருந்தது. கூட்டரசுச் சாலை என்பதால் பொதுப்பணி இலாகாவின் அனுமதி வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்த வளைவில் எத்தனை கூம்பு, கொடி காட்டுபவர் எங்கே நிற்பார் என்று வரைபடத்தோடு கொடுக்க வேண்டும். வளைவு மிகுந்த சாலையில் மரலோரிகள் வேகமாக வரும். அந்தப் போக்குவரத்துத் திட்டத்தைச் சடங்காக நினைத்து வேலைக்கு வருகிறவர்களை நான் என் குழுவில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது யானை. காட்டை வெட்டிச் சாலை போட்டதால் ஓரத்தில் வெயில் விழுகிறது. வெயில் விழும் இடத்தில் இளம் புல்லும் செடியும் தழைக்கும். யானைக்கு அதுதான் தீனி. யானைகளுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டி இந்த வட்டாரத்தில் செய்த ஆய்விலும், அவை பெரும்பாலும் இரவில்தான் சாலையைக் கடக்கின்றன என்று தெரிந்தது. நாங்கள் குழி வெட்டும் இடமும் அவை மேயும் இடமும் ஒன்றே. அதனால் காலையில் திறக்கும் குழியை மாலைக்குள் மூடிவிடுவது எங்கள் கட்டாய விதி. திறந்த குழியில் குட்டி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். பேக்கோ என்ற மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிய அண்ணன் தோட்டத்தில் முப்பது ஆண்டு இருந்தவர். யானைச் சாணத்தைப் பார்த்தே எத்தனை நேரத்துக்கு முன் கூட்டம் கடந்தது என்று சொல்லிவிடுவார். “தம்பி, இன்னிக்கு இதுக்கு மேல வேண்டாம். மூடிட்டுக் கிளம்பலாம்” என்று அவர் சொன்னால் யாரும் மறுபேச்சு பேசியதில்லை. ஒரு காலையில் வந்து பார்த்தபோது, ஓரத்தில் வைத்திருந்த, கேபிளுக்கான கறுப்புக் குழாய்ச் சுருள் சரிவின் அடியில் நசுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து பொருளை எல்லாம் டவுனுக்கே திரும்ப ஏற்றிவந்தோம்.

ஓடைகள் வரும் இடத்தில் குழி வெட்டவில்லை. துளைக்கும் இயந்திரத்தை வைத்து அடியில் துளைத்துக் குழாயை இழுத்தோம். துளை இடியாமல் இருக்கப் பென்டோனைட் என்ற களிமண் சேற்றைச் செலுத்துவார்கள். அது ஓடைக்குள் கசிந்தால் மீனுக்கும் கீழே தண்ணீர் எடுக்கும் ஒராங் அஸ்லி பூர்வகுடிக் குடும்பங்களுக்கும் கேடு. ஆகவே ஓடைக்கரையில் ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தினோம். குழாய்க்குள் கேபிளைச் செலுத்துவது இதோடு ஒப்பிட்டால் சுலபம். அழுத்தக் காற்றால் ஊதிவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் தானே ஓடும்.

இணைப்பு வேலைக்குத்தான் பொறுமை தேவை. ஒரு ஃபைபரின் தடிமன் 125 மைக்ரான், ஏறக்குறைய தலைமுடி அளவு. அதில் ஒளி போகும் மையம் 9 மைக்ரான் மட்டுமே. இரண்டு முனைகளையும் ஆல்கஹாலில் துடைத்து, நேராக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். காலைப் பனி அடங்கும்வரை தொட முடியாது. ஈரமும் தூசும் பட்டால் ஒளி இழப்பு ஏறிவிடும். கூடாரம் அடித்து, உள்ளே விளக்கு போட்டு உட்கார்ந்தோம். ஒட்டிய இடத்தில் இழப்பு 0.1 டெசிபெல்லைத் தாண்டினால் வெட்டிவிட்டு மறுபடியும் ஒட்டுவோம். சோதனையை 1310, 1550 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளத்திலும் செய்தோம். ஃபைபர் எங்காவது இறுக்கமாக வளைந்திருந்தால் 1310-இல் நன்றாகத் தெரியும் இணைப்பு 1550-இல் தன் குறையைக் காட்டிவிடும். ஓர் இணைப்புப் பெட்டிக்குள் ஃபைபர் சுருள் நெருக்கமாக இருந்ததை அப்படித்தான் பிடித்தோம்.

எல்லாம் சரி என்று எழுதிக்கொடுத்த பிறகு ஒரு பகுதி செத்தது. வடிகால் வெட்ட வந்த வேறொரு குத்தகையாளரின் இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டது. எச்சரிக்கை நாடா மேலே இருந்தும், அவர்கள் யாரிடமும் கேட்காமல் தோண்டியிருக்கிறார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. சோதனைக் கருவி ஃபைபருக்குள் ஒளித்துடிப்பு அனுப்பி, அறுந்த இடம் இத்தனை மீட்டரில் என்று காட்டும். ஆனால் அது ஃபைபரின் நீளம், சாலையின் நீளம் இல்லை. கேபிளுக்குள் ஃபைபர் சற்றே முறுக்கிச் செல்கிறது. கேபிளை இணைக்கும் குழியான ஒவ்வொரு மேன்ஹோலிலும் உபரிச் சுருள் வேறு கிடக்கிறது. கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிச் சாலையில் அளந்தால் வேறெங்கோ தோண்டுவோம்.

எங்களைக் காப்பாற்றியது குறிப்பேடுதான். கேபிளின் உறையிலேயே மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு மேன்ஹோலிலும் உள்ளே வரும் எண், வெளியே போகும் எண், சுருளின் நீளம், பக்கத்துக் கிலோமீட்டர் கல் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தோம். கணக்குப் போட்டுப் போன இடத்தில், புதிதாகக் கிளறிய மண்ணுக்குள் அறுந்த முனை கிடந்தது. இந்தப் பதிவு வேலைக்குத் தனி நேரமோ தனிக் கூலியோ யாரும் ஒதுக்குவதில்லை. ஒதுக்க வேண்டும். கேபிள் புதைத்து முடித்த நாளோடு எங்கள் குழு கலைந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லப்போவது அந்தத் தாள் மட்டுமே. ஒப்படைக்கும்போது அதன் நகலைச் சாலைப் பராமரிப்புக்காரர்களிடமும் கொடுத்தோம். அவர்கள் கேட்காமலே, நாங்களாகப் போய் அதை வாங்கிக்கொள்ள வைத்தோம்.

தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்கிறார்கள். முதலில் சிஐடிபி என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டை எடுங்கள், அது இல்லாமல் கட்டுமானத் தளத்தில் கால் வைக்க முடியாது. அப்புறம், கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஃபைபர்களை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று தொடங்கி 12 நிறம். கூடாரத்து விளக்கில் ஊதாவையும் ரோசாவையும் பிரித்துப் பார்க்க முடிந்தால் இணைப்பு வேலைக்கு வாருங்கள். முடியாவிட்டால் துளை இயந்திரத்துக்கும் ஆள் தேவைதான்.