அக்ரிமென்ட்டும் பவரும் ஒரே கையில்

கோவைப் பக்கம் ஒரு பத்திர எழுத்தரிடம் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கிரயப் பத்திரத்தைவிட அங்கே நான் அதிகம் டைப் அடித்தது கிரய ஒப்பந்தமும் (அக்ரிமென்ட்) பொது அதிகாரப் பத்திரமும்தான் (பவர்). அதுவும் ஜோடியாக.

புரோக்கர் நிலத்துக்காரரிடம் சென்ட் இவ்வளவு என்று பேசி, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுவார். கூடவே, நிலத்துக்காரர் சார்பில் விற்கும் அதிகாரம் தரும் பவரும் தன் பேரில் வாங்கிக்கொள்வார். கெடுவுக்குள் அதிக விலைக்கு ஆள் பிடித்து, பவர் ஏஜென்ட்டாகத் தானே கையெழுத்துப் போட்டுக் கிரயம் முடித்துவிடுவார். தன் பேருக்கு நிலம் வராததால் ஒரு தடவை முத்திரைத் தீர்வை மிச்சம். அது மட்டுமே 7 சதவீதம்.

லாபம் பார்ப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போய்விடுமே. எனக்கு உறுத்தியது வேறு. அக்ரிமென்ட்டில் அவர் வாங்குகிறவர், பவரில் விற்கிறவரின் ஏஜென்ட். குறைத்து வாங்கப் பார்ப்பவரும், நல்ல விலைக்கு விற்றுத் தர வேண்டியவரும் ஒரே ஆள். உரிமையாளருக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த லாபத்தை உரிமையாளர் கேட்டு வாங்கலாம் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆவது பிரிவு. அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பதற்கு முதலில் விற்ற விலை தெரிய வேண்டும். பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் தெரிவதோ பெரும்பாலும் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகை. மீதி ரொக்கத்தில் போயிருக்கும்.

வாங்குகிறவருக்கும் ஆபத்து உண்டு. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். வெறும் பவரும் அக்ரிமென்ட்டும் உரிமையை மாற்றாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அக்ரிமென்ட்டைப் பதிவு செய்வதும் கட்டாயம். ஆனாலும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, மேலே மேலே கைமாற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள்.

எங்கள் எழுத்தர் பவரில் ஒரு வரி சேர்ப்பார்: பேசிய விலைக்கு மேல் வரும் தொகை ஏஜென்ட்டுக்கே சேரும் என்பதை அறிந்தே எழுதிக் கொடுக்கிறேன். அதைச் சத்தமாகப் படித்தும் காட்டுவார். ஒரு முறை அதைக் கேட்ட பாட்டி, “அப்ப மேல எவ்வளவு வருமுங்க?” என்றார். அன்று பத்திரம் முடியவில்லை. அடுத்த வாரம் புரோக்கர் சென்ட்டுக்குக் கூடுதல் விலையோடு வந்தார். வேறு சில புரோக்கர்கள் அந்த வரியைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.