எம்ஜிபியின் பின்பக்கப் பட்டைகளும் நான் முறுக்கிய நட்டுகளும்

என்னிடம் உள்ள 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரின் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்) பின்பகுதி சில காலமாக வலப்பக்கம் சாய்ந்து நின்றது. இங்கிலாந்தில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பதாலும், பெரும்பாலும் ஒருவர் மட்டுமே அமர்ந்து ஓட்டிய வண்டி என்பதாலும், அந்தப் பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, புதிய ஜோடி வாங்கப் பணமும் எடுத்து வைத்திருந்தேன். அதற்குமுன் ஒருமுறை ஒழுங்காக அளந்து பார்த்தது நல்லதாயிற்று. வலப்பட்டை தாழவில்லை, இடப்பக்கம்தான் தூக்கி நின்றது. அதற்குக் காரணம், நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே முறுக்கிய இரண்டு மூன்று நட்டுகள்.

தமிழ்நாட்டில் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்த எவருக்கும், எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங் புதிதல்ல. அம்பாசடர் காரின் பின்பக்கத்தைத் தாங்கியதும் அதுவே. எம்ஜிபி 1962இல் வெளிவந்தபோது விளையாட்டுக் கார் என்ற பெயருடன் வந்தாலும், அதன் பின் ஆக்ஸில் அம்பாசடரைப் போலவே இருபுறமும் ஒவ்வொரு பட்டைக் கட்டின் மேல்தான் அமர்ந்திருந்தது. 1980இல் இங்கிலாந்தின் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலை மூடப்படும் வரை இந்த அமைப்பு மாறவில்லை. சுருள் ஸ்பிரிங் வைத்த கார்களில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, ஆக்ஸிலை அதன் இடத்தில் நிறுத்துவது தனிக் கம்பிகளின் வேலை. எம்ஜிபியில் அத்தகைய கம்பி எதுவும் கிடையாது. எடையைத் தாங்குவது, ஆக்ஸில் முன்பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிப்பது, என்ஜினின் முறுக்கைத் தாங்குவது என அனைத்தையும் இந்தப் பட்டைக் கட்டே செய்கிறது. ஆகவே பட்டையைத் தொடுவது என்றால் உயரத்தை மட்டும் தொடுவதல்ல, வண்டி நேராக ஓடுவதையும் தொடுவதாகும்.

சாய்வை அளப்பதற்குச் சமதளம் வேண்டும், டயர்களில் காற்று சமமாக இருக்க வேண்டும். வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பின்பகுதியை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்ட பிறகு, சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். இடப்பக்கம் முக்கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. பழைய வண்டிகளில் மட்கார்டே ஒட்டுப்போட்டு மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அந்த அளவை மட்டும் நம்பாமல் அடிச்சட்டத்திலிருந்து தரை வரையும் அளந்தேன். அங்கும் ஏறத்தாழ அதே வித்தியாசம். பின்னால் தெரியும் சாய்வுக்கு முன்பக்க ஸ்பிரிங்கும் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு: முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தினால், முன்பகுதி ஒரே புள்ளியில் நிற்கும், சாய்வைத் தீர்மானிப்பது பின்பக்கம் மட்டுமே ஆகிவிடும். அப்போதும் சாய்வு மறையாததால் குற்றவாளி பின்னால்தான் என்று உறுதியாயிற்று.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இடப்பக்கத்து ரப்பர் புஷ்களை, அதாவது பட்டையின் இரு முனைகளிலும் உள்ள வளையங்களில் (கண்களில்) அமரும் ரப்பர் உறைகளை, மட்டும் மாற்றியிருந்தேன். பட்டையின் முன்கண்ணில் ஒரு போல்ட், பின்கண்ணில் முன்னும் பின்னும் ஆடும் ஷேக்கிள் என்ற இணைப்பு, இரண்டிலும் ரப்பர். முன்கண்ணின் புஷ்ஷில் நடுவே ஓர் எஃகுக் குழல் இருக்கிறது. நட்டை முறுக்கியதும் அந்தக் குழல் இறுகி அசையாமல் நின்றுவிடும். அதன்பின் பட்டை அசையும்போதெல்லாம் முறுகுவது ரப்பர் மட்டுமே. நானோ வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்க, ஆக்ஸில் கீழே தொங்க, பட்டை முழுமையாக வளைந்திருந்த நிலையில் நட்டுகளை இறுக்கிவிட்டேன். வண்டியைத் தரையில் இறக்கியதும் பட்டை நிமிர்ந்தது, ரப்பர் முறுகியது. அந்த முறுக்கம் திரும்பிப்போக முயன்று, வண்டியை மேலே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கையேட்டில் "வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போது இறுக்கவும்" என்ற வரியை நான் படித்திருந்தேன். படித்துவிட்டு, அடியில் தவழ இடம் போதவில்லை என்ற சோம்பலில் விட்டுவிட்டேன்.

இம்முறை ஸ்டாண்டுகளை அடிச்சட்டத்தின் கீழ் வைக்காமல் ஆக்ஸிலின் கீழ் வைத்து, எடை முழுவதும் பட்டையின் மேல் இறங்கும்படி செய்தேன். சக்கரங்கள் கழற்றப்பட்டிருந்ததால் கைக்கும் இடம் கிடைத்தது. எம்ஜிபிக்கு அங்குல அளவு ஸ்பானர்தான் பொருந்தும். மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து நட்டின் முனைகளை மழுக்கிவிடக் கூடாது. முன்கண் போல்டின் நட்டைத் தளர்த்தியபோது, பட்டை ஒரு முனகலுடன் அரை அங்குலம் அமர்ந்தது. வெளியே எடுத்த புஷ்ஷில் ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி, குழலை ஒட்டி நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

வலப்பக்கத்தையும் கழற்ற முனைந்தபோது, அதன் முன்கண் போல்டு எளிதில் வரவில்லை. பட்டையின் முன்கண்ணை வண்டியின் உடலோடு பிணைக்கும் தொங்கட்டத்தின் இரு காதுகளுக்கும் நடுவே மழைநீரும் குளிர்காலச் சாலை உப்பும் இறங்கி, போல்டையும் குழலையும் ஒன்றாகத் துருப்பிடிக்கச் செய்திருந்தன. மூன்று நாள் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. பெட்ரோல் தொட்டி டிக்கியின் தளத்துக்கு அடியிலேயே இருப்பதால் நெருப்பு காட்டவும் மனம் வரவில்லை. இறுதியில் இரும்பு அறுக்கும் ரம்பத்தால், கண்ணுக்கும் காதுக்கும் இடையே இருபுறமும் அறுத்து எடுத்தேன். ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதற்கே போயிற்று. புதிய போல்டின் தண்டில் செம்புக் கிரீஸ் தடவியிருக்கிறேன். அதே கையோடு, தொங்கட்டம் பொருந்தியுள்ள இடத்தை ஸ்குரு டிரைவரால் குத்திப் பார்த்துவிடுவது அவசியம். எம்ஜிபிக்குத் தனிச் சேஸி இல்லை, உடலே சட்டம். அந்தத் தகடு துருப்பிடித்து மெலிந்திருந்தால் எத்தனை நல்ல பட்டை போட்டும் பயனில்லை.

பட்டைகளுக்கு எண்ணெய் விடலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவது துள்ளலை ஓரளவு தணிக்கிறது என்றாலும், துரு ஏறிய தகடுகள் நழுவாமல் சிக்கி, பள்ளத்தில் இறங்கும்போது கிறீச்சிடுகின்றன. நான் தகடுகளின் முனைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆக்ஸில் தொங்கும்போது திறக்கும் இடைவெளியில் மெல்லிய கத்தியால் கிராஃபைட் கிரீஸ் செலுத்தினேன். பழைய என்ஜின் ஆயிலைத் தெளிக்கும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. சாதாரண ரப்பர் புஷ்ஷில் கனிம எண்ணெய் பட்டால் அது ஊறிப் பருத்துவிடும். புஷ்ஷை உள்ளே தள்ளச் சோப்புத் தண்ணீரே போதும்.

உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ இந்த வண்டியில் திருகு எதுவும் இல்லை. சரியான பட்டையைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் சரிசெய்தல். எம்ஜிபியிலேயே நிலையான கூரை உள்ள ஜிடி வகை கனமானது. அதன் பட்டையை ரோட்ஸ்டரில் பூட்டினால் பின்பகுதி வாத்தின் வால்போல் தூக்கிக்கொண்டு நிற்கும். 1974க்குப் பிந்தைய ரப்பர் பம்பர் வண்டிகள் உயரமாக அமைக்கப்பட்டவை என்பதால் அவற்றின் பட்டையும் என்னுடையது போன்ற குரோம் பம்பர் வண்டிக்கு ஆகாது. எம்ஜிபியில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருப்பதால், இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டையும், பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்க நீளமான யு போல்ட்டும் வைத்தால் வண்டி தாழும். ஆனால் ஆக்ஸில் மேலெழும்போது உடலில் மோதாமல் தடுக்கும் முட்டு ரப்பருக்குள்ள இடைவெளியும் அந்த அளவுக்குக் குறையும். தகடு ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பவர்கள், ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: தடிமன் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும்.

மீண்டும் பூட்டும்போது, பட்டைக் கட்டின் தகடுகளை இணைக்கும் நடு போல்டின் தலை அதற்குரிய துளையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். அது விலகியிருந்தாலோ உடைந்திருந்தாலோ ஆக்ஸில் ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நண்டு போலப் போகும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இருபுறமும் அளந்தேன். 91 அங்குலத்துக்கு மிக அருகில், வித்தியாசம் ஒரு நூலுக்கும் குறைவு. பட்டைக்கு மேலும் கீழும் உள்ள ரப்பர் மெத்தைகள் போகப்போக அமுங்கும் என்பதால், யு போல்ட் நட்டுகளைச் சில நூறு மைல்களுக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும். நேற்று முன்தினம் 300 மைல் ஆயிற்று. இடப்பக்கத்து உள்நட்டு ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கிக்கொண்டது, மற்றவை அசையவில்லை. வலப்பக்கம் இன்னும் கால் அங்குலம் தாழ்ந்துதான் நிற்கிறது. நான் இறங்கினால் அதுவும் பாதியாகிவிடுகிறது.