இச்சிரோவின் கை

ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகி என்றாலே எல்லோரும் அவருடைய பேட்டிங்கைத்தான் பேசுகிறார்கள். சரி, 2004இல் ஒரே சீசனில் 262 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸைத் தொடுவது) அடித்து, 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257 என்ற சாதனையை உடைத்தவர்; பேசத்தான் செய்வார்கள்.

எனக்கு அவர் எறியும் கைதான் பிடிக்கும். 2001 ஏப்ரல், அமெரிக்காவின் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்கு வந்த புதிது. ஓக்லாந்து அணியுடனான ஆட்டத்தில், மைதானத்தின் வலது வெளிப்பகுதியான ரைட் ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸுக்கு ஓர் எறி. பந்து தரையில் படவே இல்லை. அந்த பேஸுக்கு ஓடிவந்த ஓக்லாந்து வீரர் டெரன்ஸ் லாங் அவுட்!

அந்த ஆண்டே, மரைனர்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க வீரர், இரண்டு விருதும் அவருக்கே. ஜப்பானில் ஒன்பது சீசன் ஆடிவிட்டு வந்தவர் புதுமுகமாம்!

2025இல் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் சாதனையாளர்களுக்கான கௌரவப் பட்டியலில் இடம். வாக்களித்த 394 பேரில் ஒரே ஒருவர் மட்டும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அந்தப் புண்ணியவான் இத்தனை வருடம் எந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ!