தரங்கம்பாடியில் வண்டியைத் திருப்பலாமா?

சென்னையிலிருந்து நாகப்பட்டினத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போகும்போதெல்லாம், சீர்காழி தாண்டியதும் எங்கள் வண்டிக்குள் ஒரு சிறு வழக்கு நடக்கும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பேன். காரைக்காலில் சாப்பிட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய்ச் சேர்வதே உத்தமம் என்பாள் மனைவி. மூன்று பயணங்களில் அவள் பக்கமே தீர்ப்பானது. அதற்குக் காரணமும் நான்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு ஊரில், சிறியதோர் அருங்காட்சியகத்தைப் பார்ப்பதற்காக நாற்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு எல்லாரையும் அழைத்துச் சென்றேன். கதவில் பூட்டு தொங்கியது. மாநில அரசின் அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு கோலி சோடா குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அதன் பிறகு எந்தச் சிறிய அருங்காட்சியகத்தையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டே பயணத்தில் சேர்க்கிறேன்: அங்கே உள்ள பொருள்களை அப்படியே எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் ஏதேனும் குறையுமா? குறையாது என்றால் எழும்பூரிலேயே பார்த்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் பிரேக் போட வேண்டிய அவசியமில்லை.

தரங்கம்பாடிக் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை இந்தக் கேள்வி சற்றுச் சங்கடப்படுத்திவிடும். சீனத் தேயிலை ஜாடிகள், பீங்கான் பாத்திரங்கள், வாள்கள், சுதைச் சிற்பங்கள், ஒரு திமிங்கிலத்தின் பெரிய விலா எலும்புகள் என்று, பழைய வீட்டுப் பரண் போல எல்லாம் அங்கே கலந்து கிடக்கின்றன. கோட்டை அழகானது, ஐயமில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்பேரில் 1620இல் டேனியர்கள் எழுப்பியது. 1845இல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் கோட்டையை மட்டும் பார்ப்பதென்றால், கடற்காற்றோடு சேர்த்து அரை மணி நேரம் தாராளம்.

சீகன்பால்கு வீடு அப்படிப்பட்டதன்று. 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய அந்த ஜெர்மானியப் பாதிரியார், சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஊர்த் தலைமை அதிகாரியான டேனியத் தளபதிக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல், இதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். அவருடைய பணிக்காக லண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி புறப்பட்டபோது அதனோடு அனுப்பப்பட்ட அச்சர் வழியிலேயே இறந்துபோனார். பொறி மட்டும் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை அளவில் பெரியவை. அப்போதைய காகிதத் தட்டுப்பாட்டில் அவற்றைக் கொண்டு ஒரு முழு நூலை அச்சடித்துக் கட்டுப்படியாகவில்லை. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கான ஈயத்தை, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் மூடிகளிலிருந்து எடுத்தார்கள் என்று அச்சு வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் முழுமையாக வெளிவந்தது. தமிழில் அச்சான முதல் நூல் இதுதான் என்று சிலர் நினைக்கிறார்கள்; அது பிழை. கொல்லத்தில் 1578இலேயே தம்பிரான் வணக்கம் அச்சேறிவிட்டது. ஆனால் இடையில் நெடுங்காலம் விட்டுப்போன தமிழ் அச்சுத்தொழில், இந்தத் தெருவில்தான் மறுபடி தொடங்கியது.

இவ்வளவையும் ஒரு புத்தகத்தில் படித்துக்கொள்ளலாமே என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. நான்காவது பயணத்தில் அப்பா உடன் வந்ததால்தான் வண்டி திரும்பியது. அவர் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் அச்சுக்கோத்தவர். எனவே என் தீர்ப்பில் பாசமும் கலந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே படிக்க வேண்டிய பலகைகள் அதிகம். பத்து வயது மகன் இரண்டாவது அறையிலேயே சலித்துப்போனான். ஆனால் அச்சுப்பொறிக்கு முன்னால் அப்பா நின்ற விதத்தைப் பார்த்ததும் அவன் சற்று அடங்கினான். அப்பாவின் இடது கை, எழுத்துகளை வரிசையாகக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்திருப்பது போலத் தானாகவே மடங்கியது. கடைசியாகக் கோத்த எழுத்து சாய்ந்துவிடாமல் கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது. வலது கை, எழுத்துப் பெட்டியான கேஸில் எந்த அறையில் எந்த எழுத்து என்று பாராமலே எடுப்பது போலக் காற்றில் போய்வந்தது. “தாத்தா, என்ன எழுதுறீங்க?” என்றான் பையன். “உன் பேரைத்தான். ஆனா தலைகீழா” என்றார்.

வெளியே வந்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் புது எருசலேம் தேவாலயத்துக்கு நடந்தோம். 1718இல் சீகன்பால்கு கட்டி முடித்தது. அடுத்த ஆண்டே, முப்பத்தாறு வயதில் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானார். சிறையிருந்த கோட்டை, அச்சடித்த வீடு, அடங்கிய கல்லறை, மூன்றும் கால்நடையாகவே பார்க்கும் தொலைவில் இருக்கின்றன. எழும்பூருக்குக் கொண்டுபோக முடியாதது இந்தத் தொலைவுதான்.

ஆகவே, அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் திருப்புங்கள், முடியாவிட்டால் பேசாமல் காரைக்காலுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். உச்சி வெயிலில் அந்தத் தெருவில் நடக்க முடியாது; காலையிலோ நான்கு மணிக்கு மேலோ போவது நல்லது. திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்காமல் புறப்பட வேண்டாம். அச்சிலோ தமிழ் எழுத்திலோ துளியும் நாட்டமில்லாதவர்களை இழுத்துக்கொண்டு போனால், பழி உங்கள் தலையில்தான் விழும்.

திரும்பும் வழியில், அச்சகத்துக்காகப் பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை ஒன்றும் வைத்தார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன். அடுத்த முறை முதலில் அந்த இடத்தைத் தேடுவோம் என்கிறார். மனைவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.